பிறந்த மண்ணும் பிழைக்கும் வாய்ப்பும்

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் எத்தனை இறக்கின்றன என்பதையே சிசு மரண விகிதம் என்கிறோம். ஒரு நாட்டின் நிலையை அளக்க ஆலைகளைக் காட்டுவார் உண்டு, அணைகளைக் காட்டுவார் உண்டு. என்னைக் கேட்டால் இந்த ஓர் எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பேன்.

2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் இது 28. சராசரி என்பது ஒரு திரை. விலக்கிப் பார்த்தால் அதே ஆண்டில் கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. ஏழு மடங்கு வேற்றுமை!

கேரளம் செல்வச் செழிப்பால் இதனை அடைந்தது என்று எண்ணிவிடலாகாது. 1970களில் அதன் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரிக்கும் கீழே இருந்தது. ஆயினும் அப்போதே அங்குச் சிசு மரணம் குறைவு. பெண்கள் கல்வி பெற்றிருந்தார்கள்; மருத்துவ நிலையம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது; நியாய விலைக் கடை அரிசி வீடு வந்து சேர்ந்தது.

அப்படியானால் வறுமைக்கும் இதற்கும் தொடர்பில்லையா? அதே கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியைப் பாருங்கள். நமது கோவைக்கு மேற்கே, இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் இடம். 2013இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்த செய்தி நாட்டையே கலக்கியது. கோட்டத்தறையில் மருத்துவமனை இல்லாமலில்லை. ஆனால் மண் கைமாறிப் போயிற்று. கேழ்வரகும் சாமையும் விளைந்த புனங்கள் அருகின. தாய்மார் இரத்தசோகையால் வாடினர். குழந்தைகள் எடை குறைந்தே பிறந்தன. மருந்து வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அக்குழந்தைகளின் விதி நிலத்தில் எழுதப்பட்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நிலம் மீளும்வரை குழந்தைகள் காத்திருக்க முடியுமா? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் கிராமப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடுதோறும் அனுப்பினர். பிறந்த ஒரு மாதத்திற்குள் நேரும் மரணம் அந்த 39 ஊர்களில் பாதிக்கும் கீழே இறங்கியதை 1999இல் மருத்துவ உலகம் அறிந்தது. 2011முதல் நாடெங்கும் ஆஷா ஊழியர்கள் இம்முறையில், குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தொடங்கி நாற்பத்திரண்டாம் நாள்வரை வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவது பெரிய கருவியன்று. ஒரு சிறு தராசும் வெப்பமானியுந்தான்.