ஆடவர் எலும்பும் சிறுநீரகமும்



கட்டுமாவடிக்கு நேற்று வந்தபோது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர் ஒருவரைக் கண்டேன். திண்ணையிலிருந்து இறங்குகையில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்ததாம். "சுண்ணாம்புச் சத்துக் குறைவுதானே, ஐயா?" என்று வினவினார்.

அது பாதி விடையே. வைட்டமின் டி-யைச் செயற்படும் வடிவிற்கு மாற்றுவதும், மிகுதியான பாஸ்பரசை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் பணி. அது தளர்ந்தால் எலும்பும் தளரும். இது பலரும் கேட்டறிந்த செய்தி.

மறுபாதியைக் கேட்டவர் சிலரே. ஆணுடல் தன் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. பெண்மைக்குரியதென நாம் கருதும் இந்த இயக்குநீரே ஆடவர் எலும்பிற்கும் பெருங்காவல். 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 அகவை ஆடவர் ஒருவரைப் பற்றி எழுதினர். அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உடல் ஏற்கவில்லை. உயரம் 204 செ.மீ.; அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்போ மெலிந்துவிட்டது!

நாட்பட்ட சிறுநீரக நோயில் ஆடவர் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. அதனால் வரும் தளர்ச்சியை, ஆண்மைக் குறைவை, நம்மவர் வாய்திறந்து சொல்வதில்லை. மருத்துவரிடம் நாணமின்றிச் சொல்லுங்கள். காலையில் எடுக்கும் குருதியில் அதன் அளவைக் காணலாம். தாமாக ஊசி போட்டுக்கொள்வது தகாது, குருதி தடிக்கும். கால்சியம் மாத்திரையையும் தாமாக உண்ணலாகாது. மிகுந்தால் இரத்தக்குழாயிற் படியும்.

இதனைக் கேட்டு முதலில் தலையசைத்தவர், அம்முதியவரின் துணைவியாரே.