திமிங்கிலத்துக்கும் வெயில் சுடும்

கலிபோர்னியா வளைகுடாவில் 2007 முதல் 2009 வரை ஆராய்ந்தவர்கள், திமிங்கிலங்களின் முதுகில் புற ஊதாக் கதிர் கிளப்பிய கொப்புளங்களைக் கண்டார்கள். வெளிர்தோல் நீலத் திமிங்கிலத்துக்குச் சேதம் அதிகம். கறுத்த தோலுக்கு மெலனின் என்ற நிறமி காவல்.

அப்படியானால் வடதுருவக் கடலின் பெலுகா திமிங்கிலம்? குட்டியில் சாம்பல் நிறம், வளர்ந்தால் பால் வெள்ளை. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. மூச்சுவிட மேலே வந்துதானே ஆக வேண்டும்! நல்லவேளை, அங்கே சூரியன் தாழ்ந்தே நிற்பதால் கதிரின் கடுமை குறைவு. மேல்தோலும் நம்முடையதைவிடப் பல மடங்கு தடிமன்.

கோடையில் இவை கனடாவின் ஆழமற்ற ஆற்று முகத்துவாரங்களில் கூட்டமாகக் கூடும். வெதுவெதுப்பான நீரில், கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துப் பழைய தோலை உரிக்கும். மஞ்சள் பூத்த முதுகு மறுபடி வெளுத்துவிடும்.