மண்ணறிந்து மரம் நடுவோம்

(படப்பையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மரம் நடுதல் வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. எம்மரத்தை, எவ்விடத்தில், எப்பருவத்தில் நடுவது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வார்தா புயலை நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. நமக்கு அண்மையிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவும் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை, தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி முதலியன பெருவாரியாக வீழ்ந்தன. அவை விரைந்து வளர்ந்து அழகு தருவன என்பது மெய்யே. ஆயினும் செம்மயிற்கொன்றையின் கிளைகள் எளிதில் முறியும். வேர்களும் மேலாகவே படரும். புயல் வரும் வழியில் வாழும் நாம் அதனைப் பள்ளி வாயிலிலும் தெருவோரத்திலும் நடுதல் தகாது.

முதற்கண் மண்ணை அறிதல் வேண்டும். இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, மறுநாள் பாருங்கள். நீர் வற்றியிருந்தால் அங்கு வேம்பு, வாகை, புளி ஆகியவை செழிக்கும். ஏரியை அடுத்த களிமண் நிலம்போல் நீர் தேங்கி நின்றால் நாவல், நீர்மருது, புங்கம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கு வேம்பு நட்டால் வேர் அழுகிப்போகும். ஏரிக்கரைக்கும் வயல் வரப்புக்கும் பனையே சிறந்தது. அதன் நிழல் பயிரை அதிகம் வாட்டாது. மின்கம்பியின் கீழ் உயர்ந்து வளரும் மரம் எதனையும் நடலாகாது.

அடுத்தது பருவம். 1950ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்சவம் ஜூலை மாதத்தில் கொண்டாடப்பெறுகிறது. நமக்கோ பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்றே. ஆதலின் ஐப்பசி மழையில் நட்ட கன்றே ஈரத்தில் வேரூன்றிக் கோடையைத் தாங்கும்.

பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் சுருண்டிருக்கும். அச்சுருளை வெட்டி நீக்காமல் நட்டால், நாட்டு மரமாயினும் காற்றுக்கு நில்லாது. ஆட்டுக்கு எட்டாதவாறு முள்வேலியும், முதல் இரண்டு கோடைகளில் தண்ணீரும் இன்றியமையாதவை.

ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராம சபையில் இடத்தையும் மரவகையையும் முடிவு செய்வோம். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுமுன் குழிகள் ஆயத்தமாகட்டும். அச்சபையிலேயே ஒவ்வொரு கன்றையும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் ஒப்படைப்போம். எத்தனை கன்று நட்டோம் என்பதை விட, மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்பதையே நம் ஊராட்சிப் பதிவேடு காட்டுதல் வேண்டும்.