தகப்பன்மாரும் வகுப்புக்கு வரவேண்டும்

(கர்ப்பிணித் தாய்மார் வகுப்பில் நிகழ்த்திய உரை)



பிரசவம் பொண்ணுக்கு மறுஜென்மம் என்று நம்ம பெரியவங்க சொல்வார்கள். அந்த மறுஜென்மத்துக்கு ஆயத்தம் செய்யத்தான் பிள்ளை மடுவத்தில் நாங்கள் இந்த வகுப்பை நடத்துகிறோம். தாய்மார் வருகிறார்கள். கூடவே அம்மாவோ மாமியாரோ வருகிறார்கள். ஆனால் ஆம்பிளைங்க வாசலோடு நின்றுவிடுகிறார்கள். "இது பொம்பளைங்க சமாச்சாரம்தானே" என்கிறார்கள்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லயத்தில் வலி கண்டால் வாகனம் தேடி ஓடுவது யார்? "விடியட்டும், பார்ப்போம்" என்று சொல்வதும், "இப்பவே போவோம்" என்று சொல்வதும் யார்? நீங்கள்தானே! முடிவு எடுக்கிறவருக்கு விஷயம் தெரியாவிட்டால், தாய்க்கு மட்டும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் பட்டால், பன்னீர்க்குடம் உடைந்தால், கடுமையான தலையிடியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், வலிப்பு வந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் சில மணித்தியாலத்திலேயே உயிர் போய்விடலாம். "எங்க காலத்தில் லயக் காம்பராவிலேயே பெத்தோமே" என்று பாட்டிமார் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் காம்பராவிலேயே செத்துப்போன தாய்மாரையும் அவர்களுக்குத் தெரியும்.

எட்டாம் மாதத்திலேயே நாலு காரியத்தைப் பேசி முடியுங்கள். எந்த வாகனம்? லயத்திலிருந்து ரோட்டுக்குத் தூக்கிவர யார்? மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது யார்? கையில் எவ்வளவு காசு? 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ரோட்டுக்கு வந்து எந்த இடத்தில் காத்திருப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக் அட்டையும் துணிமணியும் ஒரு பையில் கட்டித் தயாராக இருக்கட்டும்.

வீட்டில் இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. இரத்தம் குறையாமலிருக்க கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம்ம ஆட்கள் அதைச் சாயத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணியிலோ தேசிக்காய்த் தண்ணியிலோ குடிக்கக் கொடுங்கள். சாயத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். கல்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

வலி வரும்போது மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, வாயால் நீளமாக விடச் சொல்லிக்கொடுக்கிறோம். இடுப்பை எப்படித் தடவிவிடுவது என்பதையும் காட்டுகிறோம். பயத்தில் இருக்கிறவளுக்கு அந்தக் கை பெரிய தைரியம். அதைப் பழகாமல் அன்றைக்குத் திடீரென்று செய்யமுடியாது.

அரைப்பேர் போய்விடும் என்று யோசிக்கவேண்டாம். வேலை விட்ட பிறகுதான் வகுப்பு. அடுத்த முறை இன்னொரு பாயும் சேர்த்து விரிப்போம். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, உங்கள் வீட்டுக்காரி பக்கத்தில் உட்காருங்கள்.