பந்தைத் தடுப்பவனின் கணக்கு

(தானா ராத்தாவில் தோட்டக் குழுக்களின் கால்பந்துப் போட்டி தொடங்குமுன், தேயிலைத் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை.)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பந்து நடுவில் வைக்கப்பட்டிருக்கும்போது பேசுகிறவனை எவரும் விரும்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு காரியத்தை உத்தேசித்தே ஒப்புக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு தாயார் ஆபீசுக்கு வந்தார். கையில் மூன்று பக்கக் காகிதம். "தம்பி, இதைப் படித்துச் சொல்லு" என்றார். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு படித்தேன். அந்த அம்மாளின் மகனை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய்ப் பெரிய கழகம் ஒன்றில் ஆட்டச் சோதனைக்கு நிறுத்துவார்களாம். அதற்கு முன்பணம் பன்னிரண்டாயிரம் வெள்ளி. எந்தக் கழகம் என்று எழுதவில்லை. சம்பளம் எவ்வளவு என்று எழுதவில்லை. திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்றும் எழுதவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக எழுதியிருந்தது: பையன் பத்து வருஷம் சம்பாதிப்பதில் பாதி, அழைத்துப்போகிற முகவருக்கு.

அம்மாள் சங்கிலியை அடகு வைக்கத் தயாராக இருந்தார். கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொன்னேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் நம் குழுவில் பின்வரிசையில் நின்று ஆடுகிறவன். "கிராணியாரே, கானா நாட்டு கூஃபூர் பதினைந்து வயசிலே ஐரோப்பாவுக்குப் போகலையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கூஃபூருக்கு முன்னே நம்மவர் ஒருவரைச் சொல்லவேண்டும். மு. சந்திரன். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் தற்காப்பு ஆட்டக்காரராக நின்றவர். 1972-ம் வருஷம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் நம் நாட்டுக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். அங்கே போவதற்கு 1971-ல் சியோலில் தகுதிப் போட்டி நடந்தது. ஜப்பானை 3-0 என்றும், தென் கொரியாவை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்றும் வென்றோம். கொரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி அந்த ஒரு கோலைப் போட்டவர் சையது அகமது. இன்றைக்கும் பெரியவர்கள் அந்தக் கோலைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள், மகிழட்டும். ஆனால் அந்த ஒரு கோல் போதும் என்று ஆக்கியது எது? பின்னால் நின்றவர்கள் ஒன்றையும் உள்ளே விடாததுதானே! அவர்கள் பெயரை வரிசையாகச் சொல்ல இங்கே எத்தனை பேரால் முடியும்?

மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றோம். அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். கடைசியாக மொரோக்கோவிடம் ஆறு வாங்கினோம். அது ஆகஸ்டு 31, நம் சுதந்திர நாள். வேறு நாள் கிடைக்கவில்லை போலும்!

அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் பந்தாட முடியாது. நம் நாட்டில் அரைத் தொழில்முறை ஆட்டம் வந்ததே 1989-ல்தான், முழுத் தொழில்முறை 1994-ல். ஆகவே சந்திரன் காலத்து ஆட்டக்காரர்களுக்குப் பந்து சோறு போடவில்லை. ஒரு வேலை பார்த்துக்கொண்டேதான் நாட்டுக்கு ஆடவேண்டும். ஜெர்மன் குழுவில் ஊலி ஹோனஸ் என்ற இளைஞர் இருந்தார். அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பெரிய குழுவில் ஆடியவர், ஆனாலும் அமெச்சூர் என்ற பெயரை வைத்துக்கொண்டார். காகிதத்தின் மகிமை அப்படி. அதே ஒலிம்பிக் குழுவில் ஒட்மார் ஹிட்ஸ்பெல்ட் என்பவரும் இருந்தார். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள்.

நம்மவர்கள் ஜெர்மனியை எதிர்த்து நின்ற அந்த ஒலிம்பிக் மைதானம், 1972 முதல் 2005 வரையில் பாயர்ன் மியூனிக் கழகத்தின் சொந்த மைதானமாக இருந்தது. அங்கே 1993-ல் வந்து சேர்ந்தார் சாமுவேல் கூஃபூர். கானா நாட்டுக் குமாசி நகரத்துப் பிள்ளை. கானா நமக்கு அந்நிய நாடல்ல, தோழர்களே! அவர்கள் விடுதலை பெற்றது 1957 மார்ச் 6. நாம் பெற்றது அதே வருஷம் ஆகஸ்டு 31. நாம் ரப்பரும் ஈயமும் கொடுத்தோம், அவர்கள் கொக்கோவும் தங்கமும் கொடுத்தார்கள். அவரைச் சேர்த்துக்கொண்ட காலத்தில் கழகத்தின் நிர்வாகி யார்? அந்த ஹோனஸ்தான். பின்னால் 1998-ல் பயிற்சியாளராக வந்தவர்? அந்த ஹிட்ஸ்பெல்ட்தான்.

கூஃபூர் எப்படிப் போனார்? 1991-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோரின் உலகக் கிண்ணப் போட்டி இத்தாலியில் நடந்தது. கானாப் பிள்ளைகள் வென்றார்கள். அந்தக் குழுவில் அவரும் ஒருவர். உலகமே பார்த்த பிறகுதான் இத்தாலியின் டொரினோ கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருஷம் பார்சலோனா ஒலிம்பிக்கில் கானா வெண்கலம் வென்றபோது அவருக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை.

பாயர்னில் சேர்ந்ததும் நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை. ஒரு பருவம் நியூரம்பெர்க் கழகத்துக்கு இரவல் அனுப்பினார்கள். திரும்பி வந்து இடம் பிடித்தார். ஆறு முறை ஜெர்மன் லீக் பட்டம். ஆனாலும் உலகம் அவரை எதற்காக நினைக்கிறது? 1999 மே 26, பார்சலோனாவில் ஐரோப்பியக் கழகங்களின் இறுதி ஆட்டம். மான்செஸ்டர் யுனைட்டெட்டை எதிர்த்து ஆறாவது நிமிஷத்திலேயே பாயர்ன் ஒரு கோல் போட்டது. தொண்ணூறு நிமிஷம் வரையில் பின்வரிசை அதைக் காத்தது. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் உள்ளே போய்விட்டது! கூஃபூர் தரையில் விழுந்து கையால் மண்ணை அடித்து அடித்து அழுதார். அந்தப் படத்தைப் பார்க்காத பந்துப் பிரியர் கிடையாது. தொண்ணூறு நிமிஷம் காத்தவர் என்று அவரைச் சொல்வோர் இல்லை. மண்ணை அடித்தவர் என்றுதான் சொல்கிறார்கள்.

பால் வெட்டும் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதா? பட்டையைத் தாண்டிக் கத்தி ஒரு மரத்தில் ஆழமாக இறங்கிவிட்டால் அன்றைக்கே கண்டக்டர் வந்து காயத்தைக் காட்டுகிறார். காயம் படாமல் வெட்டிய மரங்களை எவர் எண்ணுகிறார்? நான் எழுதும் செக்ரோல் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. என் கையாலேயே எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா?

அவர் மண்ணோடு கிடந்துவிடவில்லை. இரண்டே வருஷத்தில், 2001 மே மாதம் மிலான் நகரில் அதே கோப்பையை வென்றார்கள். அந்த வருஷம் நவம்பரில் டோக்கியோவில் அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ் கழகத்தோடு ஆட்டம். கூடுதல் ஆட்ட நேரத்தில் 109-ஆவது நிமிஷத்தில் அந்த ஒரே கோலைப் போட்டது கூஃபூர், ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்! பி.பி.சி.யின் ஆப்பிரிக்க ஆட்டக்காரர் விருது அந்த வருஷம் அவருக்குத்தான். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தோம். 2006 உலகக் கிண்ணத்தில் இத்தாலிக்கு எதிராக அவர் பின்னால் தள்ளிய பந்து குறைவாகப் போய் ஒரு கோல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் போட்டியில் அவரை இறக்கவே இல்லை. ஒரு பிழை!

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 1991-ல் வென்ற அதே பிள்ளைகளில் நீ லாம்டே என்று ஒரு முன்னணி ஆட்டக்காரர் இருந்தார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து வாங்கியவர் அவர், கூஃபூர் அல்ல. பெலேயின் வாரிசு என்றார்கள். பெல்ஜியம், ஹாலந்து, இங்கிலாந்து என்று போனார். பிறகு துருக்கி, அர்ஜென்டினா, சீனா என்று அலைந்தார். படிக்கத் தெரியாத வயதில் முகவர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாகவும், கழகம் மாறும்போதெல்லாம் பணத்தில் பெரும் பங்கு முகவருக்குப் போனதாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நாடு திரும்பிய பிறகு என்ன செய்தார் தெரியுமா? அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்.

கூஃபூரோ 2005-ல் ஒப்பந்தம் முடிந்ததும் இத்தாலியின் ரோமா கழகத்துக்கு நிம்மதியாகப் போனார். பழைய கழகம் விலை கேட்க முடியவில்லை. அந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. இங்கிலாந்தில் 1961 வரையில் ஆட்டக்காரருக்கு வாரம் இருபது பவுனுக்குமேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று அறிவித்த பிறகே வரம்பை எடுத்தார்கள். பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. முடிந்த பிறகும் கழகம் அவருக்கு விலை கேட்டது. அவர் வழக்குப் போட்டார், ஐந்து வருஷம் நீதிமன்றத்தில் நின்றார். 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது அவருடைய ஆட்ட வயதே கழிந்துவிட்டிருந்தது. முதலில் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிகளுக்கு என்று வந்த அந்த விதி பின்னால் மற்றவர்களுக்கும் விரிந்தது. போஸ்மனும் யாரோ ஒரு கூஃபூருக்காகப் பின்வரிசையில் நின்றவர்தான்.

கடலுக்கு அக்கரையில் இருந்து ஆள் பிடித்து வந்த கதை நமக்குத் தெரியாததா? நம் பாட்டன்மாரிடம் கங்காணி சொன்னது என்ன, இங்கே வந்து கண்டது என்ன! கப்பல் ஏறுமுன் வாங்கிய முன்பணம் லயத்தில் வந்து கடனாக நின்றது. 1938-ல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. இன்றைக்கு நம்மோடு வேலை செய்யும் நேப்பாளத் தோழர்களைக் கேளுங்கள், தரகருக்குக் கொடுத்த பணத்தைக் கட்டி முடிக்க எத்தனை மாதம் ஆயிற்று என்று. அவர்களில் மூவர் இன்று நம் குழுவில் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கேட்கலாம்.

ஆகவே தம்பி, உன்னைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. உன் கால் நல்ல கால். ஆனால் உனக்கு இப்போது பதினேழு வயது. பதினெட்டு வயது நிரம்பாதவரை வேறு நாட்டுக் கழகம் சேர்த்துக்கொள்ளக்கூடாது என்று 2001 முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி இருக்கிறது. விதிவிலக்கு சில உண்டு, உன் காகிதம் அதில் ஒன்றிலும் அடங்கவில்லை. முகவருக்கு அந்தச் சம்மேளனத்தின் உரிமம் வேண்டும் என்று 2023 முதல் மறுபடியும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். உன் முகவரிடம் உரிம எண் கேட்டு நான் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நம் நாட்டிலும் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. சம்பளப் பாக்கி கேட்டு அங்கே போன ஆட்டக்காரர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த காகிதம் வரும்போது அவர்களிடம் காட்டுவோம், நானும் கூட வருகிறேன்.

அந்த மூன்று பக்கமும் கையெழுத்தில்லாமல் என் மேஜை அறையில் பூட்டிக் கிடக்கிறது. அம்மாளின் சங்கிலி அவர் கழுத்தில் இருக்கிறது, அதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி இன்னும் என்னோடு பேசுவதில்லை. இன்று ஐந்தாம் எண் சட்டையோடு பின்னால் நிற்கிறான். பார்க்கிறவர்கள் கோல் விழுகிற பக்கத்தையே பார்க்காமல் கொஞ்சம் அந்தப் பக்கமும் பாருங்கள்.

மலையிலிருந்து பனி இறங்குகிறது, மழைக்கு முன்னே முதல் பாதியாவது முடியவேண்டும். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.