உயரம் மட்டும் பார்த்தால் போதுமா?

நம் பெக்கான் நானாஸ் பக்கத்துப் பூலாய் மலை 654 மீட்டர். காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். அந்தத் தெம்பில் இளைஞர்கள் கேட்கிறார்கள்: "கினபாலு 4,095 மீட்டர், தஹான் 2,187தானே, சுலபம்தானே?"

சுலபமில்லை. கினபாலு இரண்டு நாள். இரவு தங்க விடுதி, சூடான சாப்பாடு உண்டு. தஹானுக்குக் கோலா தஹான் வழியாகப் போய்வர ஏறக்குறைய ஒரு வாரம். கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் முதுகில். ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும்; மழை வந்தால் தண்ணீர் வடியும்வரை கரையில்தான். மெராப்போ வழியில் நாள் குறையும், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் 'நடுத்தரம்' என்று போட்டுவிடுகிறார்கள். யாருக்கு நடுத்தரம்? பணம் கட்டுமுன் கேளுங்கள்: தினம் எத்தனை மணி நேர நடை, ஆளுக்கு எத்தனை கிலோ சுமை, நடுக்காட்டில் கால் சுளுக்கினால் தூக்கிவர யார்?