ஒலிக்கும் ஓர் ஊர் உண்டு

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற சங்கீத மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். தேவாலயத்திலே பல வருடங்களாகக் காலால் துருத்தி மிதித்து ஓர்கன் வாசித்தவர். முழங்கால் நோவினால் இப்போது வீட்டோடு அடங்கிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் மகன் ஈரடுக்குக் கட்டைகள் கொண்ட கீபோர்ட் ஒன்றையும் கணினியையும் அனுப்பியிருந்தார். அவற்றை இணைத்துக் கொடுக்க நான் சென்றேன்.

பெரிய ஆலயங்களிலுள்ள குழல் ஓர்கனை வீட்டிலே வாசிக்கும் ஏற்பாடு அது. குழல்களைத் தனித்தனியே ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கட்டையை அழுத்தினால் அந்தக் குழலே பேசும். கையை எடுத்தால், மண்டபத்தில் அலைந்து அடங்கும் ஓசை பின்தொடரும். இங்கிலாந்தின் சோல்ஸ்பரிப் பேராலயத்தில் ஹென்றி வில்லிஸ் 1877 இல் அமைத்த ஓர்கனும், ஒல்லாந்தின் ஸ்வொல்ல நகரில் ஆர்ப் ஷ்னிட்கரின் மைந்தர்கள் 1721 இல் நிறைவு செய்த ஓர்கனும் இவ்வாறு பதிவானவையே.

இங்கேதான் தெரிவு வருகிறது. ஒலிவாங்கியைக் குழலருகே வைத்து, எதிரொலி மிகக் குறைவாகப் பதிந்தவற்றை 'உலர்ந்தவை' என்பர். மண்டபத்தின் முழக்கத்தோடு பதிந்தவை 'ஈரமானவை'. விரைவான இசைக்கு உலர்ந்ததே தெளிவு என்று படித்திருந்தேன். அதையே முதலில் போட்டேன்.

"வடிவாய்த்தான் கேக்குது," என்றார் மாஸ்டர். முகத்தில் மலர்ச்சியில்லை.

பின்பு ஈரமானதைப் போட்டேன். ஒரு சுரக்கூட்டை அழுத்திக் கையை எடுத்தார். எட்டடி அறைக்குள் ஒலி மெல்ல மெல்லத் தூரம் போயிற்று. அது முற்றாக அடங்கும்வரை அவர் அசையவில்லை.

"தம்பி, இதையே வையும். கையை எடுத்த பிறகும் ஆரோ மறுமொழி சொல்லுற மாதிரிக் கிடக்கு."

அவருடைய துணைவியார் காலமாகி மூன்று வருடங்கள்.

நேயர்களே, முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் எனத் தொல்காப்பியர் வகுத்ததை இருபது வருடங்களாக மாணவருக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் பரீட்சையை எண்ணி, பாட்டை அதன் நிலத்திலிருந்து பிடுங்கிப் பதவுரையாக உலர்த்தியே கொடுத்திருக்கிறேன். தெளிவு இருந்தது, மறுமொழி இருக்கவில்லை.

மறுநாள் நெய்தற் பாட்டொன்று பாடமாயிருந்தது. பொருள் சொல்வதற்கு முன், இரவிலே கடல் இரைவதைக் கேட்டவர்கள் யாரென்று வினவினேன். கடைசி வாங்கிலிருந்து, ஒருநாளும் வாய் திறவாத மாணவன் ஒருவன் கை உயர்த்தினான்.